பதினான்கு நொடிக் காணொளியும் என் ஜவுளிக்கடையும்

மதுரை விளக்குத்தூண் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. அப்பா காலத்தில் பன்னிரண்டு அடி முகப்போடு இருந்த கடை இப்போது மூன்று தளமாக வளர்ந்திருக்கிறது. கடையில் 34 பேரும், வில்லாபுரத்தில் உள்ள தையல் பிரிவில் 11 பேரும் வேலை பார்க்கிறார்கள். பெரும்பாலோர் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போகிறவர்கள். 2022 தீபாவளி நேரத்தில் நான் செய்த ஒரு தவற்றையும், அதன் பிறகு சமூக ஊடகம் தொடர்பாக எங்கள் கடையில் நடந்த சிலவற்றையும், ஒவ்வொன்றிலும் சட்டம் எங்கே நிற்கிறது என்று நான் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். பணியாளர்கள் எதையாவது பதிவிட்டுக் கடையின் பெயரைக் கெடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் என்னைப் போன்ற முதலாளிகள் எல்லோருக்கும் உண்டு. எங்கள் கடைக்கு வந்த பெரிய சேதம் என் கைபேசியிலிருந்து, என் விரலால் வந்தது.

தீபாவளிக்கு முந்தைய புதன்கிழமை அது. அந்த வாரத்தில் விளக்குத்தூணிலிருந்து தெற்கு மாசி வீதி வரை கால் வைக்க இடமிருக்காது. இரவு பதினோரு மணிக்குக் கல்லாவை எண்ணியபோது முதல் தளக் கணக்கில் 9,200 ரூபாய் குறைந்தது. தளப் பொறுப்பாளர் கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்து, ஓர் இடத்தில் நிறுத்தி, என்னைக் கூப்பிட்டார். சுடிதார் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்த்த ஓர் இளைஞர் கல்லா மேசைக்குப் பின்னால் வருகிறார். இரண்டு பக்கமும் பார்க்கிறார். குனிந்து எதையோ எடுத்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். மொத்தம் பதினான்கு நொடி. அவர் அதற்குள் கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டிருந்தார்.

நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அந்தத் துண்டை என் கைபேசிக்கு மாற்றி, 212 பேர் இருக்கும் வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கூடவே குரல் பதிவு ஒன்றையும் அனுப்பினேன். அதில் அவருடைய பெயரையும் ஊரையும் சொல்லி, கல்லாவில் கை வைக்கிற பையன், யாரும் வேலைக்குச் சேர்க்க வேண்டாம் என்றேன். சக வியாபாரிகளை எச்சரிக்கிறேன், இது என் கடமை என்றே அப்போது நினைத்தேன். மறுநாள் காலை அவர் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, அந்த மாதச் சம்பளத்தைக்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பினேன்.

சனிக்கிழமை மதியம் பில் போடும் இயந்திரத்தில் காகிதச் சுருள் தீர்ந்தது. புதுச் சுருள் மாட்டுவதற்காக இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுத்தபோது, அதன் அடியில் மடங்கிக் கிடந்த ஒரு சீட்டு கிடைத்தது. வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிக் கொடுத்த சேலைகளுக்காகப் பணம் கொடுத்த ரிட்டர்ன் சீட்டு. தொகை 9,200 ரூபாய். கூட்ட நெரிசலில் பணத்தைக் கொடுத்த பில் பெண், அதைக் கணினியில் ஏற்ற மறந்திருக்கிறார். அப்படியானால் பையன் குனிந்து எடுத்தது என்ன என்று மற்றவர்களைக் கேட்டேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: கல்லா மேசைக்கு அடியில் ஒரு மின்செருகி இருக்கிறது, அங்கே கைபேசியைச் சார்ஜ் போட்டிருந்தார். கடைக்குள் கைபேசி கூடாது என்பது நான் போட்ட விதி. அதனால்தான் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறார்.

தீபாவளிக்கு மறுநாள் அவருடைய தந்தை கடைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்துப் பொறுப்பாளர்கள் இருவர் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர் உட்காரவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. பொத்தான் கைபேசி வைத்திருந்த அவர், பக்கத்து வீட்டுப் பையனின் கைபேசியை வாங்கி வந்திருந்தார். அதை மேசையில் வைத்து அந்தக் காணொளியை ஓடவிட்டார். "மொதலாளி, எம் மகன் எடுத்திருந்தா போலீஸ்ல குடுங்க. எடுக்கலேன்னா, ஊருக்குள்ள பரவிக் கெடக்குற இதை எப்படிப் பொறுக்கி எடுப்பீக?" என்று கேட்டார். சீட்டு கிடைத்ததை நான் சொன்னேன். "அதை ஊருக்குச் சொன்னீகளா?" என்றார். மூன்று நாளாகியும் நான் சொல்லியிருக்கவில்லை. பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அந்தக் காணொளி 212 பேரிடமிருந்து வெளியேறி, உசிலம்பட்டிப் பக்கத்தில் அவர்களுடைய ஊர்க் குழுவுக்குப் போய், அவருடைய மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வரைக்கும் எட்டியிருந்தது.

நவம்பரில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்யும், எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான மூத்த வழக்கறிஞர் அம்மா ஒருவரிடம் அதை எடுத்துக்கொண்டு போனேன். நான் முதலில் சொன்னது, "படத்தில் இருப்பது உண்மையான படம்தானே, நான் எதையும் இட்டுக்கட்டவில்லையே" என்பது. படம் உண்மை, படத்தோடு சேர்த்து நீங்கள் சொன்னது பொய் என்றார் அவர். அப்போது நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவை எடுத்துப் படித்துக் காட்டினார். ஒருவருடைய நற்பெயருக்குக் கேடு வரும் என்று தெரிந்தோ, தெரிய வேண்டிய நிலையிலோ ஒரு குற்றச்சாட்டைச் சொல்வதும் வெளியிடுவதும் அவதூறு. இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாக இருக்கிறது. தண்டனைகளோடு சமூக சேவையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது அரசியல் சாசனத்துக்கு முரணா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2016இல் அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது. ஆகவே, வாட்ஸ்அப் விஷயத்துக்கெல்லாம் யார் வழக்குப் போடப்போகிறார்கள் என்று அலட்சியமாக இருப்பது சரியல்ல.

அந்தப் பிரிவுக்குப் பத்து விதிவிலக்குகள் உண்டு. தன்னுடைய அல்லது பிறருடைய நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொல்வதும், ஒருவரை நல்லெண்ணத்தோடு எச்சரிப்பதும் அவற்றில் அடங்கும். இதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. நான் எச்சரிக்கத்தானே செய்தேன் என்றேன். வழக்கறிஞர் அம்மா அப்போது என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். அன்றைய ரிட்டர்ன் சீட்டுகளைச் சரிபார்த்தீர்களா? பையனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? பில் பெண்ணிடமாவது கேட்டீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்யப்பட்ட எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சட்டம் ஏற்காது என்று அவர் விளக்கினார். நம் மனத்தில் கெட்ட எண்ணம் இல்லை என்பது போதாது. அனுப்புவதற்கு முன்னால் நாம் எதைச் சரிபார்த்தோம் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். முதலாளிகள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு சட்டக் கருத்தைச் சொல்லும்படி என்னைக் கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு பக்கம், நான் அவரை வேலையிலிருந்து நிறுத்திய விதம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 41ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நிறுத்தக் கூடாது. ஒழுங்கீனத்துக்காக நிறுத்துகிறோம் என்றால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் அந்த ஒழுங்கீனம் விசாரணை நடத்திப் பதிவுசெய்த போதிய சாட்சியத்தால் நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பணியாளர் மேல்முறையீடு செய்யலாம். கேமராத் துண்டைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று "போ" என்று சொல்வது விசாரணை ஆகாது.

வழக்குக்குப் போகாமல் பேசி முடித்தோம். அவருடைய சம்பள பாக்கியையும், முன்னறிவிப்புக்கு ஈடான சம்பளத்தையும், அவருடைய வழக்கறிஞர் கேட்ட ஒரு தொகையையும் கொடுத்தேன். எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் போதும் என்று நான் நினைத்தேன். அவருடைய தந்தை ஒப்பவில்லை. எந்தக் குழுவில், எந்தக் குரலில் சொன்னீர்களோ, அங்கேயே அந்தக் குரலிலேயே சொல்லுங்கள் என்றார். அது நியாயம். அதே 212 பேர் குழுவில், ரிட்டர்ன் சீட்டின் படத்தைப் போட்டு, தவறு என்னுடையது என்று என் குரலிலேயே பதிவுசெய்து அனுப்பினேன். முதல் செய்தியை அன்றிரவே பலர் மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது செய்தியை ஒருவர்கூட அனுப்பியதாக எனக்குத் தெரியவில்லை. வேலைக்குத் திரும்ப வரும்படி அந்த இளைஞரை அழைத்தேன்; வரவில்லை.

இதை நான் பேசத் தொடங்கிய பிறகு, பல வியாபாரிகள் தங்களுக்குள்ள பழக்கத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். வேலையை விட்டுப் போனவரின் படத்தைப் போட்டு, "இவருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பது நம் ஊரில் சாதாரணம். பணம் வசூலிக்கும் பொறுப்பில் இருந்தவர் விலகினால், வாடிக்கையாளர்களுக்கு அதைத் தெரிவிக்கத்தான் வேண்டும். பெயர், விலகிய தேதி, இனி பணம் செலுத்த வேண்டிய எண் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டால் தகவல். "எச்சரிக்கை" என்ற தலைப்பும், சிவப்பு எழுத்தும், நடத்தையைப் பற்றிய ஒரு சொல்லும் சேர்ந்துவிட்டால் அது குற்றச்சாட்டு. திருட்டு நடந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால், பதிவை முழுமையாக எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதுதான் முறை.

அடுத்தது, பணியாளர்கள் நம்மைப் பற்றி எழுதுவது. 2024 தொடக்கத்தில் தளப் பொறுப்பாளர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். விற்பனைப் பிரிவுப் பெண்கள் பதினைந்து பேர் தங்களுக்குள் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் ஒருவர், கடையில் உள்ள பொம்மை மாடல்களின் படத்தைப் போட்டு, "நமக்கும் இதுகளுக்கும் ஒரே வித்தியாசம், இதுக்குக் கால் வலிக்காது" என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் சிரிப்புப் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். கீழே முதலாளியைப் பற்றி இரண்டு காரமான வரிகளும் இருந்தன. எனக்குக் கோபம் வந்தது உண்மை. நண்பர் ஒருவர், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய ஐடி சட்டம் 66ஏ பிரிவில் புகார் கொடுங்கள் என்று யோசனை சொன்னார். நல்ல வேளையாக, முந்தைய அடி நினைவில் இருந்ததால் முதலில் வழக்கறிஞர் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

66ஏ என்ற பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று, ஷ்ரேயா சிங்கால் வழக்கில், முற்றிலுமாக ரத்துசெய்துவிட்டது. இல்லாத பிரிவில் புகார் கொடுக்க முடியாது. நம் ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையே 2023இல் இது போன்ற ஒரு விஷயத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். கிராம வங்கி ஊழியர் ஒருவர், தொழிற்சங்கத்தில் இருப்பவர், நிர்வாகத்தைக் கேலி செய்து வாட்ஸ்அப் குழுவில் பதிவிட்டதற்காக அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கப்பட்டது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்துசெய்தார். மனக்குறையைக் கொட்டித் தீர்த்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு, ஒரு குழுவின் உறுப்பினர்கள் தங்களுக்குள் பொதுவான விஷயங்களைச் சட்டத்தின் எல்லைக்குள் பேசிக்கொள்வதை நிர்வாகம் தாக்க முடியாது என்பது அதன் சாரம். நிறுவனத்தின் நற்பெயரே பாதிக்கப்படும் அளவுக்குப் போனால் நடவடிக்கைக்கு இடமுண்டு. பதினைந்து பேருக்குள் கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டது அந்த அளவுக்குப் போனதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் எனக்கு உறைத்தது: "உட்கார இருக்கை போட்டிருக்கிறீர்களா?" 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு இடையில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ளும்படி, எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. எங்கள் கடையில் மூன்று தளத்துக்கும் சேர்த்து வாடிக்கையாளர்களுக்கான நாற்காலிகள் மட்டுமே இருந்தன. அந்தக் கேலிப்படத்தை வைத்து நான் நடவடிக்கை எடுத்திருந்தால், அதற்கு எழுதப்படும் முதல் பதிலே நான் சட்டத்தை மீறியதற்குச் சாட்சியமாகியிருக்கும். மறு வாரமே கவுன்டருக்கு இரண்டாக முக்காலிகள் வாங்கிப் போட்டோம். அந்த ஸ்கிரீன்ஷாட் யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இனிமேல் பணியாளர்களின் தனிப்பட்ட குழுவிலிருந்து எதையும் எடுத்துவந்து என்னிடம் காட்ட வேண்டாம் என்று பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் சொன்னது அரசாங்கத்தை நோக்கிச் சொன்னதாக இருக்கலாம். ஒரு பெண் தன் தோழிகளோடு பேசுவதை வேவு பார்க்கும் கடையில் வேலை செய்ய யாருக்கும் மனம் வராது.

மூன்றாவது நிகழ்வு இவை எல்லாவற்றிலும் கடினமானது. கடையின் அலுவல் குழுவில், ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, ஆண் பொறுப்பாளர் ஒருவர் இரட்டை அர்த்தப் படம் ஒன்றை அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் நீக்கிவிட்டார். அதற்குள் ஆறேழு பேர் பார்த்திருந்தார்கள். பில் பிரிவில் உள்ள பெண் ஒருவர் மறுநாள் என் மனைவியிடம் வந்து, இது முதல் முறையல்ல, தனக்குத் தனியாகவும் இப்படி மூன்று நான்கு வந்திருக்கின்றன என்றார். கடையில் பழைய ஆட்கள் எல்லோரும் சொன்ன வழி ஒன்றுதான்: இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கொடுத்து, வெளியே தெரியாமல் முடித்துவிடுங்கள்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழியை அடைத்துவைத்திருக்கிறது. புகார் கொடுத்த பெண் கேட்டால் மட்டுமே சமரசம் செய்யலாம். அப்போதும் அது பண அடிப்படையில் இருக்கக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் பணியாளர் தலைமை, உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து தொண்டு நிறுவனத்தையோ இத்துறை அறிந்தவர்களையோ சேர்ந்த ஒருவர் என்று அதன் அமைப்பைச் சட்டமே சொல்கிறது. அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். 45 பேரை வைத்திருந்த என்னிடம் அப்படி ஒரு குழு இல்லை. புகார் வந்த பிறகுதான், வெட்கத்தோடு, ஒரு வாரத்துக்குள் அமைத்தோம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும், முடிந்த பத்து நாளில் அறிக்கை தர வேண்டும், பரிந்துரையை 60 நாளுக்குள் முதலாளி நிறைவேற்ற வேண்டும் என்று ஒவ்வொரு படிக்கும் காலக்கெடு இருக்கிறது. புகார் செய்தவர் யார், எதிர்த்தரப்பு யார், விசாரணையில் என்ன நடந்தது என்று எதையும் வெளியிடக் கூடாது என்பதால், இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். குழு பரிந்துரைத்ததை அப்படியே நிறைவேற்றினோம்.

"நான் எழுதவில்லை, எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன்" என்பது இத்தகைய இடங்களில் எல்லோரும் சொல்லும் பதில். நடிகர் எஸ்.வி. சேகர் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி 2018இல் பகிர்ந்த பதிவு குறித்த வழக்குகளை ரத்துசெய்ய மறுத்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் இந்தப் பதிலை ஏற்கவில்லை. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது, அது சேதம் செய்த பிறகு மன்னிப்புக் கேட்டு அதன் விளைவிலிருந்து தப்ப முடியாது என்றது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. பணியாளர்கள் கூட்டத்தில் நான் இந்த வழக்கைச் சொன்ன அளவுக்கு வேறு எதையும் யாரும் கவனித்துக் கேட்கவில்லை. குழுவின் அட்மின் மாட்டிக்கொள்வாரா என்றும் கேட்டார்கள். அட்மினாக இருப்பதால் மட்டுமே ஒருவர் குற்றவாளி ஆக மாட்டார் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் ஒரு வழக்கில் சொன்னது. ஆனால் அது அட்மினுக்குச் சொன்னது. அலுவல் குழுவில் வரும் ஆபாசத்தை அறிந்தும் முதலாளி சும்மா இருந்தால், பாதுகாப்பான பணிச்சூழலைத் தர வேண்டிய கடமையைத் தவறினார் என்பது தனிக் கணக்கு.

விளம்பர ரீல்ஸ் விஷயத்தில் நாங்கள் பட்டது சிறிய அடிகள்தாம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டு வெளியிட்ட சுங்குடிச் சேலை ரீல்ஸுக்குப் பதிப்புரிமை கேட்டு அறிவிப்பு வந்தது. வீட்டு விசேஷத்துக்குப் போடுவதும் வியாபாரத்துக்குப் போடுவதும் ஒன்றல்ல. கடையின் இன்ஸ்டாகிராம் கணக்கை ஒரு பையன் தன் சொந்த எண்ணில் தொடங்கியிருந்தார். அவர் வேலையை விட்டபோது, ஓடிபி அவருக்கே போனது. அவர் நல்ல பிள்ளை என்பதால் கணக்கு திரும்பக் கிடைத்தது. இப்போது எல்லாக் கணக்குகளும் கடையின் பெயரில் வாங்கிய எண்ணிலும் மின்னஞ்சலிலும் இருக்கின்றன.

கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் விஷயம் மட்டும் சிறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சேலையைத் தோளில் போட்டுக் காட்டும் ரீல்ஸில் நடிக்கச் சொன்னோம். முதலாளி சொன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? அந்தப் பதிவின் கீழே முகம் தெரியாத ஆட்கள் எழுதியதை அவருடைய அண்ணன் படித்துவிட்டு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவர் போன பிறகும் நாலு மாதம் அவர் முகத்தை வைத்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. 2023இல் நிறைவேறி, 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வரும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது கட்டாயமில்லாமல், குறிப்பிட்ட நோக்கத்துக்காக, தெளிவாகத் தரப்பட வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலேயே படிக்கவும் வழி இருக்க வேண்டும். நாங்கள் ஒரு பக்கத்தில் தமிழில் படிவம் போட்டோம். என் மனைவி ஒவ்வொருவரிடமும் தனியாகக் கொடுத்து, வேண்டாம் என்று எழுதினால் வேலைக்கோ சம்பளத்துக்கோ ஒன்றும் ஆகாது என்று சொல்லிக் கேட்டார். 34 பேரில் 19 பேர் வேண்டாம் என்று எழுதினார்கள். அதுவரை அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே கேமரா முன்னால் நின்றவர்கள். இப்போது எங்கள் ரீல்ஸில் பெரும்பாலும் துணியும் அதை விரிக்கும் கைகளும்தான் தெரிகின்றன. விற்பனை குறையவில்லை.

இத்தனைக்கும் பிறகு இரண்டு பக்கத்தில் ஒரு நடைமுறை விதி எழுதினோம். இணையத்தில் கிடைத்த மாதிரிகள் எல்லாம் ஆங்கிலத்தில், பெரிய கம்பெனிகளுக்கு எழுதப்பட்டவை, கடைக்குப் பொருந்தவில்லை. எங்களுடையதில் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணையும் வாங்கிய விவரத்தையும் வெளியே விடக் கூடாது, கடையின் பெயரில் யாரும் கூகுள் மதிப்புரைக்குத் தானாகப் பதில் எழுதக் கூடாது, அலுவல் குழுவில் இரவு ஒன்பதுக்கு மேல் பொறுப்பாளர்கள் எதுவும் அனுப்பக் கூடாது என்று இருக்கிறது. கேமராப் பதிவை எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அந்த இரண்டு பேரில் நான் இருந்தாலும் அதை எந்தக் குழுவுக்கும் அனுப்பக் கூடாது என்பதும் இருக்கிறது. சத்தமாகப் படித்துக் காட்டி, கேள்வி கேட்க விட்டு, முதல் கையெழுத்தை நான் போட்டேன். கல்லா மேசைக்கு அடியில் இருந்த மின்செருகியைப் பணியாளர் அறைக்கு மாற்றி, எட்டுக் கைபேசிகளை ஒரே நேரத்தில் சார்ஜ் போடும்படி பலகை அமைத்தோம்.

சாட்சியம் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். புகாரோ வழக்கோ வரும் என்று தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து வைத்துக்கொள்வது போதாது. மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க உரிய சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு. மூலச் செய்தி உள்ள கைபேசியை மாற்றாமல், அழிக்காமல் பத்திரப்படுத்துவது முதல் வேலை. எங்களுக்கு எதிரான நோட்டீஸில் அந்த இளைஞரின் தரப்பு அதைச் சரியாகவே செய்திருந்தது.

கடந்த தை மாதம், வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவர் எனக்கு ஒரு காணொளியை அனுப்பினார். பலமுறை பகிரப்பட்டது என்பதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி அதன் மேல் இருந்தது. "கோவை துணிக்கடையில் நடந்த கொடுமை, உஷார்" என்று கீழே எழுதியிருந்தது. திறந்தால், என் கடையின் கல்லா மேசை, அதே பதினான்கு நொடி. என் குரல் பதிவு கழன்றுபோய், யாரோ பின்னணி இசை சேர்த்திருந்தார்கள். சொந்தக்காரருக்கு உண்மையைச் சொல்லி, அவருக்கு அனுப்பியவருக்கும் சொல்லச் சொன்னேன். அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் புகார் செய்து, மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்திலும் பதிவுசெய்தேன். அதன் பிறகு அந்த இளைஞருக்குத் தொலைபேசியில் பேசினேன். இப்போது வேறு ஊரில் ஒரு கடையில் பில் பிரிவில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னபோது சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "எனக்கும் போன வாரம் வந்துச்சு சார், உங்ககிட்ட சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்" என்றார்.

கடையின் முகவரித்தாளில், 2022 அக்டோபரில் கல்லாவில் பணம் எதுவும் களவு போகவில்லை என்றும், காணொளியில் இருப்பவர் தன் கைபேசியைத்தான் எடுத்தார் என்றும் எழுதி, ரிட்டர்ன் சீட்டின் நகலை இணைத்து, கையெழுத்தும் முத்திரையும் இட்டு, அவருக்கு இரண்டு பிரதிகளைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்றைத் தன் முதலாளியிடம் கொடுத்துவிட்டதாகவும், இன்னொன்றைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டிருப்பதாகவும் மறு வாரம் சொன்னார்.